பதில் வந்த பாடு

குக்கரைத் திறந்தபோது ஏரியின் வாசனை வந்தது.

அறையில் மீன் வாங்கி வைத்திருக்கவில்லை. சன்னல் மூடியிருந்தது. சென்னையின் இந்தப் பக்கத்தில் ஏரி எதுவும் கிடையாது. இருந்த ஏரியின் மேல்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. வாசனை சோற்றிலிருந்து வந்தது. உப்பு, சேறு, வெயிலில் சூடேறிய கோரை. மூடியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன்.

அரிசி உன் அம்மா கொடுத்தனுப்பியது. ஒரு ஜவுளிக்கடைப் பையில் கட்டி என் அம்மாவிடம் கொடுத்து, "இந்த வருசமும் தானா வந்துச்சுன்னு அவகிட்ட சொல்லு" என்றாளாம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது உனக்கு எல்லாமே தெரிந்திருக்கலாம். எனக்குப் பயம் அந்த இரண்டாவதில்தான்.

*

அந்த நிலத்துக்குள் நீ என்னை முதலில் கூட்டிப்போனது ஒரு மார்கழி மாதத்து உச்சிவேளையில். அப்போது நாம் கல்லூரியில் இருந்தோம். பொன்னேரியிலிருந்து வரும் பேருந்தில் நீ காட்டூரில் இறங்குவாய், நான் பழவேற்காடுவரை போவேன். அன்று என் பையைப் பிடித்து இழுத்தாய்.

"எறங்குடி. ஒண்ணு காட்டறேன்."

காட்டூரைத் தாண்டி, ஏரியைப் பார்க்கச் சரியும் நிலம். சிமென்ட் கம்பங்கள் வரிசையாக நின்றன. முள்கம்பியை யாரோ எப்போதோ அவிழ்த்து விற்றிருந்தார்கள். பலகையில் 'அரசு நிலம்' என்பதுவரை படிக்க முடிந்தது. அதற்குக் கீழே துரு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே நீ குனிந்து நுழைந்தாய். இல்லாத கம்பிக்குக் குனிந்தாய். நானும் குனிந்தேன்.

உள்ளே நெல் நின்றது.

"யாரு பயிர் வெச்சது?"

"யாரும் இல்ல. போன வருசம் உதுந்தது மொளைச்சிருக்குது. அதுக்கு முந்தி உதுந்தது போன வருசம் மொளைச்சது. அப்டியே வந்துக்கினு இருக்குது."

உதிர்ந்த நெல் முளைக்கும். அது கடற்கரைக்காரிக்கும் தெரியும். ஆனால் உதிர்ந்தது வரிசையாக நிற்குமா? இது நட்டதுபோல நின்றது. நான் கேட்பதற்கு முன்பே நீ விளக்கம் சொன்னாய்: தாள் வரிசையில் நின்றால் அதன் காலடியில் உதிர்வதும் வரிசையில்தான் விழும். நீ சொன்ன வேகத்தைப் பார்த்தால், அதைப் பலமுறை உனக்கு நீயே சொல்லிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

கொக்கு இல்லை. ஏரி முழுக்க பூநாரை இறங்கும் பருவம் அது; இந்த நெல்லில் ஒரு குருவிகூட உட்காரவில்லை. காற்று அடித்தது. கதிர் அசைந்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

ஏரிப் பக்கத்துத் தாழ்ந்த மூலையில் ஒரு மடை. வரப்பை வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டிருந்த வாய். வெட்டிய மண் பக்கத்தில் கிடந்தது, கையால் வழித்த தடத்தோடு. ஈரம் காயவில்லை.

"இத யாரு தொறந்தது? காவக்காரரா?"

"காவக்காரரு கம்பியோடயே போய்ட்டாரு." சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. "நான் ஒரு தபா மூடிட்டுப் போனன். மறுநா வந்து பாத்தா தொறந்து கெடக்குது. நண்டுன்னு வெச்சுக்கயேன்."

நண்டு என்று வைத்துக்கொண்டேன். திரும்பும்போது நீ சொன்னாய்:

"நெலம் மறக்காதுடி. அதான் பயமா இருக்குது."

*

நாம் பள்ளியில் இருந்தபோது அந்த நிலத்தை எடுத்தார்கள். தொழிற்பேட்டை வரும் என்றார்கள். உன் நைனா கையெழுத்துப் போட்டார். அந்த வருடமே இறந்தும்போனார். தொழிற்பேட்டை வரவில்லை. நிலமும் திரும்பி வரவில்லை. யாருக்கும் இல்லாத நிலம் எப்படி இருக்கும் என்று நம் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. புறம்போக்கில்கூட ஆடு மேயும். இதில் ஆடும் நுழையவில்லை.

படிப்பு முடிந்ததும் நீ இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். கழனிக்காரர் வீட்டுப் பெண் இறால் உரிக்கிறவர்களை மேற்பார்க்கிறாள். மீன்காரர் வீட்டுப் பெண் சென்னையில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய துறைமுகங்களைப் பற்றிப் படிக்கிறாள். விடுமுறையில் வரும்போது அதே பேருந்தில் சந்திப்போம்.

அந்தச் சமயத்தில்தான் கடல் எங்கள் குப்பத்துக்கு உள்ளே வரத் தொடங்கியிருந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல்கீற்று எங்கள் ஊர். முதலில் படகு ஏற்றி வைக்கும் இடம் போனது. பிறகு வலை பின்னும் கொட்டகை. பிறகு முன்வரிசை வீடுகள், ஒவ்வொன்றாக, பகலிலேயே, சத்தமில்லாமல். சுவர் விழுகிற சத்தம்கூட இல்லை. அலை வந்து நின்றது. போனபோது வீடு இல்லை. எங்கள் வீடு பின்வரிசையில் இருந்தது. எதுவும் நகராமலேயே அது முன்வரிசைக்கு வந்தது.

அப்போதுதான் அந்த நிலத்தை என்ன செய்யலாம் என்று ஊர்களைக் கேட்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. காட்டூர்க்காரர்கள் திரும்பக் கேட்டார்கள். சாலையோரக் கடைக்காரர்கள் பேருந்து நிலையமும் சந்தையும் கேட்டார்கள். எங்கள் குப்பம் வீடு கேட்டது.

பேருந்தில் நீதான் ஆரம்பித்தாய்.

"உங்க வூட்ட எங்க கழனில கட்டப் போறாங்களாமே?"

"நானும் கேள்விப்பட்டன்."

"வந்து குந்துங்க. மீன் தலைய கெணத்துல போட்டீங்க, அவ்ளோதான்."

"இப்ப எறா நாத்தம் அடிக்கறது நீதான்டி."

"உங்க நாத்தத்த நான் வாங்கிக்கினேன், எங்க கழனிய நீ வாங்கிக்கோ. சரியாப் பூடுச்சு."

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பிக்கொள்ளும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாய்.

"அம்மா ஒத்துக்க மாட்டா. நான் ஒத்துக்கறேன். கடலு தூக்கினு போறவங்களுக்கு எடம் தராத நெலம் இன்னா நெலம்? ஆனா அந்த மடை மூலைய மட்டும் வுட்ருங்க. அங்க யாரோ வேல செஞ்சிக்கினு இருக்காங்க."

யாரோ என்றாய். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பெயரைச் சொல்லியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

பேச்சை மாற்ற எங்கள் ஊர்ப் பாடு பற்றிச் சொன்னேன். ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் சில. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருடத்துக்கு ஒருமுறை கரையில் கூடிப் பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள். பெயருக்கு உரியவர் "இருக்கேன்" என்றால் பாடு அவருக்கு. அந்த வருடம் செத்துப்போனவரின் பெயரையும் விடாமல் கூப்பிடுவார்கள். மூன்று முறை. கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பதில் வராது. பிறகு அந்தப் பாட்டைத் தண்ணிக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வருடம் அவருடைய நாளில் அந்த இடத்தில் யாரும் வலை இறக்க மாட்டார்கள்; அடுத்த வருடம் அது வேறொருவருக்குப் போகும்.

"யாராச்சும் வாய் தவறி இருக்கேன்னு சொல்லிட்டா?"

"சொல்லக் கூடாது."

"சொல்லிட்டா?"

"அந்த பாடு நிக்கும். செத்தவங்க பேர்லயே. அழிக்க முடியாது."

"எங்க ஊர்ல பாடுன்னா படற கஷ்டம்டி. உங்க ஊர்ல அதுக்கும் பேர் கூப்ட்டுக் குடுக்கறீங்க" என்றாய்.

காட்டூர் வந்தது. இறங்கிப் போனாய்.

*

காய்ச்சல் என்று உன்னைப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சென்னைக்கு. என் அறையிலிருந்து அந்த மருத்துவமனை நடக்கும் தூரம்தான். நான் போனபோது உன்னைக் கீழ்த்தளத்துக்கு இறக்கியிருந்தார்கள். உன்னோடு வண்டியில் ஊர்வரை வந்தேன். உன்னைச் சென்னைக்குக் கொண்டுவரும்போது போட்ட சைரனைத் திரும்பும்போது போடவில்லை. சிக்னல்களில் எல்லோரையும்போல நின்று நின்று வந்தோம். அதுதான் எனக்கு நினைவிருக்கிறது. நீ அவசரமில்லாதவள் ஆகிவிட்டாய்.

*

நீ போய் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கூட்டம் வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில், பகலில். அதற்கு முன்பே, நிலம் கிடைத்தால் யாருக்கு எந்த மனை என்று குப்பத்தில் குலுக்கிப் பார்த்துவிட்டார்கள். வரைபடத்தில் எங்களுக்கு விழுந்தது ஏரிப் பக்கத்துத் தாழ்ந்த மூலை.

அம்மா அன்று மாலையே வாயால் வீடு கட்டிவிட்டாள். "கெழக்கு பாத்து அடுப்பு. பின்னால ஒரு முருங்க. கதவ தொறந்தா கடலு தெரியக் கூடாது, அது போதும்." நைனா எங்கள் சமையலறைச் சுவரில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஈரமாக இருந்தது. உள்ளிருந்து ஈரம்.

நீ கேட்டுக்கொண்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? யாரோ வேலை செய்கிறார்கள், அதனால் நமக்கு வீடு வேண்டாம் என்றா?

அறையின் இடப்பக்கம் காட்டூர், வலப்பக்கம் குப்பம். முதலில் சண்டை. "மீன்காரனுக்கு மேட்டு நெலம் எதுக்கு, தூண்டி போடவா?" என்று அந்தப் பக்கம். "நாங்க முழுவினப்பறம் எங்க பொணம் உங்க வரப்புலதான் ஒதுங்கும், பரவால்லியா?" என்று இந்தப் பக்கம். சிரிப்பும் வந்தது. உன் அம்மா காட்டூர்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

தாசில்தார் மைக்கைத் தட்டினார். நிலம் கொடுத்தவர்களின் பெயர்களை வாசிக்கிறேன், ஒவ்வொருவரும் சம்மதமா ஆட்சேபணையா என்று சொல்லலாம் என்றார். வாசிக்கத் தொடங்கியதும் மின்சாரம் போனது. விசிறிகள் மெதுவாக நின்றன. மைக் இல்லாமல் வாசித்தார். அவர் வெளியூர்க்காரர். யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாது.

ஏரிப் பக்கத்து மூலைதான் உங்கள் கழனி; உன் நைனாவுக்குப் பிறகு பட்டியலில் அது உன் பெயரில் இருந்தது.

உன் பெயரைக் கூப்பிட்டார்.

குப்பத்துப் பக்கம் சட்டென்று அடங்கியது. கைக்குழந்தையின் வாயைக்கூட ஒருத்தி பொத்தினாள். செத்தவர் பெயரைக் கூப்பிடும்போது எங்கள் ஆட்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி. காட்டூர்க்காரர்களுக்கு எதற்கு இந்த அமைதி என்று புரியவில்லை. ஆனாலும் அவர்களும் பேசவில்லை.

இரண்டாம் முறை கூப்பிட்டார். உன் அம்மா வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

மூன்றாம் முறை.

"உள்ளேன் ஐயா."

நன்றாகக் கேட்டது. கடைசி வரிசைவரை கேட்டது. சற்று மூக்கால் இழுத்து, முடிவில் ஒரு சிரிப்பை அடக்குகிற அந்தக் குரல். உன் குரல். குப்பத்துக்காரர்கள் காட்டூர்ப் பக்கம் திரும்பினார்கள். காட்டூர்ப் பெண்கள் உன் அம்மாவைப் பார்த்தார்கள். உன் அம்மா எழுந்து நின்று வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

என்னை யாரும் பார்க்கவில்லை. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. சற்றுமுன் அசைந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டதுபோல.

கல்லூரியில் நான் நூலகத்துக்கு ஓடிவிடும் நாட்களில் எனக்கு வருகை சொன்னவள் நீ. என் குரலில் சொல்வாய்; பேராசிரியர் தலை நிமிர்ந்ததே இல்லை. உனக்காக நான் சொன்ன நாளெல்லாம் பிடிபட்டேன். எவ்வளவோ முயன்றும் உன் குரல் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய்: "செத்தாலும் உனக்கு என் கொரலு வராதுடி."

தாசில்தார் கழுத்தை நீட்டித் தேடினார். "எங்கேம்மா இருக்கீங்க? எழுந்து நில்லுங்க. சம்மதமா, இல்லையா?"

யாரும் எழவில்லை. எங்கள் ஊரில் பாட்டுக்குப் பெயர் கூப்பிடுகிற ஏகாம்பரம் மாமா எழுந்தார்.

"சார், பதில் வந்துடுச்சு. அந்த பாடு நிக்குது. அந்த எடத்துல எதுவும் எழுதாதீங்க."

"நீங்க படற பாடு எனக்கும் தெரியும் பெரியவரே. அதுக்குத்தானே இந்தக் கூட்டம்."

"அந்த பாடு இல்ல சார்."

"எந்தப் பாடா இருந்தாலும் அரசாங்கம் பார்த்துக்கும். உட்காருங்க."

ஏகாம்பரம் மாமா உட்காரவில்லை. அவர் பின்னால் ஒருவர் எழுந்தார். பிறகு குப்பத்து ஆண்கள் அத்தனை பேரும். "அந்த மூலை வேணாம் சார். மத்தது போதும்." காலையிலிருந்து முழு நிலத்தையும் கேட்டுக் கத்தியவர்கள். காட்டூர்க்காரர்களும் எழுந்துவிட்டார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. "அந்த மூலை வேணாம்." அன்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அது. அதற்குப் பிறகு மற்றவற்றைப் பேசுவது சுலபமாகிவிட்டது. மேட்டில் குப்பத்துக்கு வீடு. சாலையோரம் சந்தை. நடுவில் காட்டூர்க்காரர்கள் கூட்டாகப் பயிர் வைத்துக்கொள்ளலாம். மூலை அப்படியே.

மின்சாரம் வந்தது. விசிறிகள் சுழன்றன. யாரோ சத்தமாக மூச்சு விட்டார்கள்.

*

திரும்பும் வழியில் நைனா ஏரிக்கரையில் நின்றார்.

"நீயா?"

"தெர்ல நைனா."

"தெர்லன்னா சரி. நீதான்னா பேஜாரு." தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். "நம்ம மனை அது."

"தெரியும்."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அம்மா அழவில்லை. மறுநாள் ஏகாம்பரம் மாமா வந்தார், அந்தப் பாட்டை யாராவது பார்த்தாக வேண்டும் என்று. அம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "இவ போவட்டும்."

"பொம்பளைக்கு ஏது பாடு?"

"ஏரியிலதான கெடையாது? இது நெலம்."

மாமா என் பக்கம் திரும்பி, பெயர் கூப்பிடும் நாளில் போய் நிற்கச் சொன்னார்.

மேட்டில் வீடுகள் எழுந்துவிட்டன. முருங்கைகூட வைத்துவிட்டார்கள், மற்றவர்கள். எங்களுக்கு அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். போன ஐப்பசியில் சமையலறையைக் கடல் எடுத்துக்கொண்டது. அம்மா முன்னறையில் அடுப்பு வைத்திருக்கிறாள். கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். நைனா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒருவரும் உன்னைக் குறை சொல்வதில்லை. என்னையும்தான். சொன்னால் நன்றாக இருக்கும்.

அதே மழையில் மேட்டுத் தண்ணீர் முழுதும் அந்த மூலை வழியாகத்தான் ஏரிக்கு வடிந்ததாம். வீடுகளுக்குள் ஏறவில்லையாம். நீதான் காப்பாற்றினாய் என்று பேசிக்கொள்கிறார்கள். இரு ஊர்ப் பெண்களும் அங்கே வரப்பில் கற்பூரம் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னை அவ்வளவு சீக்கிரம் சாமியாக்கிவிட்டால் நான் யாரோடு பேசுவது?

வருடத்துக்கு ஒருமுறை, பாட்டுக்குப் பெயர் கூப்பிடும் நாளில், போகிறேன். வரப்பில் நிற்கிறேன். வேலை எதுவும் இல்லை. நான் போவதற்குள் எல்லாம் செய்து முடித்திருக்கிறது. மண் ஈரமாக இருக்கிறது. நண்டு என்று வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். வேறு எதுவாகவும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

*

இன்னொன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

கூட்டத்துக்குப் பிறகு சில நாட்கள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. தெளிந்தபோது என் அம்மா தொலைபேசியில், "யாரு பேசறது?" என்றாள். நான்தான் என்றேன். "யாரு?" என்று மறுபடி கேட்டாள். லைன் சரியில்லை என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். இப்போதெல்லாம் அவள் எடுத்தவுடன் என் பெயரை முதலில் தானே சொல்லிவிடுகிறாள், கேட்க வேண்டியிருக்காதபடி.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா அழைக்கிறாள். அவளிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "இன்னா பண்ற?" என்பாள். சொல்வேன். அறையில் விசிறி ஓடவில்லை, கீழ்வீட்டுக்காரர் நாய் வளர்க்கிறார், இந்த வாரம் எழுதியது சரியாக வரவில்லை. அவளுக்கு இதில் எதுவும் வேண்டியதில்லை என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். நான் நிறுத்தினால், கொஞ்சம் பொறுத்து, கெஞ்சாத குரலில் சொல்வாள்: "பேசு."

பேசுகிறேன். சொற்கள் என்னுடையவை.